கஸ்பார் மூடிய வாட்ச்

எங்கள் ஊருக்கு வருஷத்தில் ஒரு நாள் கடல் வரும். வாட்சுகளைச் சோதிக்க வரும். சோதித்துவிட்டுப் போய்விடும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மற்ற ஊர்களுக்குத் தாசில்தார் வருகிறார், எங்களுக்குக் கடல். அது கிழக்கிலிருந்து வந்து தெருமுனையில் செருப்பைக் கழற்றி வைக்கும். பிறகு வீடு வீடாக ஏறும். நாங்கள் எல்லாரும் குழந்தை குட்டி உட்பட அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டிக்கொண்டிருப்போம். தண்ணீர் கழுத்துவரை வரும். அதற்கு மேல் ஏறாது. அந்த மரியாதை அதற்கு உண்டு.

ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்துப் பார்க்கும். வாட்ச் கண்ணாடிக்கு உள்பக்கம் காய்ந்திருந்தால் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். உள்ளே ஈரம் தெரிந்தால் அந்த ஆளுடைய பொழுதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும். அழுதாலும் புரண்டாலும் திருப்பித் தராது.

பல வருஷத்துக்கு முன்னால் ரெஜினாவுக்கு அப்படித்தான் சாயங்காலம் போயிற்று. சந்தையில் ஒரு தள்ளுவண்டியில் பளபளவென்று ஒரு வாட்சைப் பார்த்தாள், வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் அண்ணன் பெண்டாட்டி இன்னாசியம்மாள் ஊரறிந்த வாட்ச்காரி. அவளிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். அப்போது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மீன்சட்டி விவகாரம். கடல் வந்தது, பார்த்தது, ரெஜினாவின் சாயங்காலங்களை, பழைய ஞாபகம் உட்பட, மொத்தமாக வாரிக்கொண்டு போயிற்று.

இப்போது அவளுக்கு மத்தியானம் முடிந்தால் இருட்டு. கொடியில் காயப்போட்ட துணியை வெளிச்சத்தில் எடுக்க ஒருநாளும் அவளுக்கு வாய்த்ததில்லை. தெருவில் நாங்கள் காப்பி குடிக்கும்போது அவளுக்கும் ஒரு டம்ளர் வைப்போம். டம்ளர் காலியாகும். குடித்த ஞாபகம் அவளுக்கு இருக்காது.

"அந்த வாட்ச் என் கை படாத வாட்ச்" என்பாள் இன்னாசியம்மாள். நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வாள். "என் கை மூடுன ஒரு வாட்ச்ல ஒரு பொட்டு ஈரம் போச்சுன்னு எவனாவது சொல்லட்டும், நான் இந்தத் தெருவுல நடக்கல."

யாரும் சொன்னதில்லை. சொல்ல முடியாது. இதில் அவளுக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு பெருமை எங்களுக்கும். வெளியூர்க்காரன் எவனாவது எங்கள் தெருவில் மணி கேட்டால் மணியைச் சொல்லமாட்டோம். முதலில் இன்னாசியம்மாளைப் பற்றிச் சொல்வோம். அவனுக்கு பஸ் போய்விடும்.

அவள் கடை உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் சுவருக்குள் இருக்கிறது. சுவருக்கு உள்ளேதான். வெளியே கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கு மேல் ஒரு பலகை. வாடிக்கையாளர் கையை மட்டும் உள்ளே விடவேண்டும். அதனால் இன்னாசியம்மாளுக்கு ஊரில் யாருடைய முகமும் தெரியாது, மணிக்கட்டுதான் தெரியும். கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவரைப் பார்த்து யாரோ என்று முழிப்பாள். அவர் தண்ணீர் டம்ளருக்கு இடது கையை நீட்டினதும், "அட, நீங்களா!" என்பாள்.

வேலையில் அவள் ராட்சசி. வாட்சின் பின்மூடியைத் திறப்பாள். மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நூல் மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீரைத் தடுத்து நிற்பது அதுதான். பழையதை வீசிவிட்டுப் புதியதை வைப்பாள். கிரீஸ் தடவுவாள். மூடுவாள். ஒரு கண்ணாடி ஜாடியில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதன் மேலே வாட்சைத் தொங்கவிட்டு, ஜாடியை இறுக்கி, சைக்கிள் பம்பால் காற்றடிப்பாள். பிறகு வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கிக் காற்றைத் திறந்துவிடுவாள். வாட்சிலிருந்து குமிழி வந்தால் எங்கோ சந்து இருக்கிறது. வராவிட்டால் வெதுவெதுப்பான தட்டில் வைத்துச் சூடேற்றி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விடுவாள். துடைத்துப் பார்ப்பாள். உள்பக்கம் பனி கட்டியிருந்தால் ஈரம் இருக்கிறது. கட்டவில்லையென்றால் கையை வெளியே தள்ளுவாள்.

"போ. கடலுக்குக் காட்டு."

வாட்சின் முதுகில் ஐம்பது மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்புகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பது மீட்டர் ஆழம் என்று அதற்கு அர்த்தம் இல்லை, கை கழுவலாம், மழையில் நடக்கலாம், அவ்வளவுதான் என்று தொண்டை கிழியச் சொல்வாள். எங்கள் ஊர் கிதியோன் வாத்தியார் ஒருதரம் அதைக் கடலுக்கும் தனக்கும் இருக்க வேண்டிய தூரம் என்று புரிந்துகொண்டார். கடல் வந்த அன்று அளவு நாடாவைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தார். அடுத்த மாவட்டத்தில் பிடித்தார்கள்.

இவ்வளவும் சொன்னேன், அவள் புருஷன் கஸ்பாரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல அதிகம் இல்லை. கஸ்பார் குடை ரிப்பேர் செய்கிறவர். அவர் ரிப்பேர் செய்த குடை எல்லாம் ஒழுகும். குடை மட்டுமா? அவர் மூடிய தூக்குச்சட்டி ஒழுகும். அவர் அடைத்த குழாய் ஒழுகும். அவர் மூடி வைத்த சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு தெருவின் மறுகோடியிலிருந்து வரிசை கட்டி வரும். நல்ல மனுஷன். ஆனால் எதையும் மூடத் தெரியாது.

வாட்சும் கட்டமாட்டார். கடல் வரும்போது வெறும் மணிக்கட்டை நீட்டுவார். கடல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகும்.

இன்னாசியம்மாளுக்கு அவர் மேல் ஒரே ஒரு மனக்குறைதான். அது பெரிய குறை. ஊரே அவளைக் கொண்டாடுகிறது, இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. கடல் வெறுங்கையோடு திரும்பிப்போன அன்று சாயங்காலம் ஒவ்வொரு வருஷமும் அவள் வாசலில் வந்து நின்று கேட்பாள்.

"பாத்தியளா? இந்த வருசமும் ஒருத்தருக்கும் ஒண்ணும் போகல."

"ம்."

"அவ்வளவுதானா?"

"பாலு வாங்கணும்" என்பார் கஸ்பார்.

எதைச் சொன்னாலும் கடைசியில் பாலில் போய் நிற்பார். அவளுக்கு ஆத்திரமாக வரும். ஊர் முழுக்கப் புகழ்ந்தும் ஒரு ஆள் புகழாதது அவளுக்குச் செருப்பில் மாட்டின கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் கடல் வருவதற்கு முதல் நாள், கடை ஓட்டைக்குள் ஒரு கை வந்தது. ஈரமான கை. மணிக்கட்டே இல்லை, விரலுக்குப் பிறகு விரலாகவே போயிற்று. இன்னாசியம்மாள் இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

"யாரது?"

"அலை" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். "ஆபீஸ்ல இருந்து வாரேன்."

"என்ன வேணும்?"

"ஒங்க ஊருல இருந்து எங்களுக்கு ஒண்ணுமே கெடைக்க மாட்டேங்குது. எத்தன வருசமாச்சு, ஒரு காலப்பொழுது கூட கெடைக்கல. மேல கேக்காவ."

இன்னாசியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. கடலே வந்து புகார் சொல்கிறது என்றால் சும்மாவா? "நான் என்ன செய்யட்டும்? நல்லா மூடுதேன், அது என் குத்தமா?" என்றாள்.

"குத்தமில்ல. அதனால இந்த வருசம் ஊரு வாட்ச பாக்கப் போறதில்ல. ஒங்க வாட்ச மட்டும் பாக்கோம். அடி ஆழத்துக்குக் கொண்டு போயிப் பாப்போம்."

"பாத்துக்க."

"அதுல ஈரம் போயிருந்தா, நீங்க இதுவர மூடுன வாட்ச் பூராவும் மூடாததுன்னு ஆயிரும். எல்லாம் தன்னால தொறந்துக்கிடும். இத்தன வருசத்துக்கும் சேத்து எடுத்துக்கிடுவோம். காலப்பொழுது, மத்தியானம், எல்லாம்."

இன்னாசியம்மாள் தன் இடது கையைப் பார்த்தாள். அவளுடைய வாட்சை அவள் திறந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஊர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தன்னுடையதைப் பார்க்கவில்லை. நகத்தால் பின்மூடியின் ஓரத்தைச் சுரண்டினாள். கறுப்பாக, பொடிப்பொடியாக உதிர்ந்தது. அது ரப்பர் வளையம்.

ஆனால் பயத்தைக் குரலில் காட்டவில்லை. "வளையம் மாத்தணும். இப்பமே மாத்தி மூடிருதேன்."

"சொந்த வாட்ச சொந்தக் கை மூடக் கூடாது" என்றது அலை.

"ரெஜினாவ மூடச் சொல்லுதேன்."

"அடுத்த வீட்டுக் கையும் கூடாது. ஒங்க வீட்டுக் கைதான் மூடணும்."

அலையின் விரல்கள் ஓட்டைக்குள்ளேயே வளைந்து கடையின் பின்பக்கத்தைக் காட்டின. அங்கே கஸ்பார் ஒரு குடையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குடையில் இருந்த பொத்தல்களின் வெளிச்சம் அவர் முகம் முழுக்க விழுந்திருந்தது.

"அவ்வொளா?" என்றாள் இன்னாசியம்மாள்.

"அவ்வொதான்" என்றது அலை. அதற்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "எனக்கும் வருத்தந்தான்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது.

சேதி ஊருக்குள் பரவியது. ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. எல்லாரும் அவரவர் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். மாவு மில் தனிஸ்லாஸ் ஒரு யோசனை சொன்னார். இன்னாசியம்மாள் கஸ்பாரை விட்டுவிட்டு நாளைக்குள் கைவேலை தெரிந்த யாரையாவது கட்டிக்கொண்டால் அது வீட்டுக் கைதானே? நல்ல யோசனைதான். ஆனால் கல்யாணம் செய்துவைக்கச் சாமியார் ஊரில் இல்லை.

"மைனி, எனக்குப் போக ஒண்ணுமில்ல" என்றாள் ரெஜினா. "ஆனா ஒங்க பேரு போயிருமே. அத நெனச்சாத்தான் எனக்கு ஆறல."

"எம்பேரு போகாது" என்றாள் இன்னாசியம்மாள். சொல்லிவிட்டுத் தன் வாட்சை வலது கையால் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை கஸ்பார் கடைக்கு உள்ளே போனார். இன்னாசியம்மாள் வெளியே நின்றாள். மூடும்போது அவள் உள்ளே இருக்கக் கூடாது என்பதும் விதி. தன் கடையை வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை. பலகை கோணலாக இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு பயல் சொல்லவில்லையே என்று நினைத்தாள். பிறகு கையை ஓட்டைக்குள் விட்டாள்.

உள்ளே கஸ்பாரின் விரல்கள் அவள் கையைப் பிடித்தன. வாட்சின் வாரைக் கழற்றின. கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. பிறகு விட்டன.

ஊர் முழுக்க அவளுக்குப் பின்னால் நின்றது. கிழக்கே கடல் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வது தெரிந்தது.

"வளையத்த எடுத்தியளா?" என்று ஓட்டைக்குள் வாய் வைத்துக் கத்தினாள்.

"ம்."

"புதுசு தகர டப்பாவுல இருக்கு. மெல்லிசா இருக்கும். சிறுசு."

ஏதோ கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்னது விழுந்துது?"

"வளையம். கெடச்சிட்டு."

குரல் தூரத்திலிருந்து வந்தது. கடை உள்ளே நீண்டுகொண்டிருந்தது. இன்னாசியம்மாள் கையை இன்னும் உள்ளே விட்டாள். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. கன்னத்தைச் சுவரில் அழுத்தி நின்றாள். விரல் நுனிக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கஸ்பார் வெகுதூரத்தில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

"கிரீஸ் தடவுங்க! கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரியணும்!"

"ம்."

"முடி, தூசி, பஞ்சு எதும் ஒட்டியிருக்கா பாருங்க! ஒரு முடி குறுக்க கெடந்தாப் போதும், அது வழியா கடல் பூராவும் உள்ள வந்துரும்!"

உள்ளே விளக்கைக் கிட்ட இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு கெடக்கு" என்றது குரல்.

"யாரு முடி?"

"ஒன் முடி. வெள்ள முடி."

"எடுத்தெறிங்க!"

"எடுத்துட்டேன்."

எறிந்தேன் என்று சொல்லவில்லை. அதை விசாரிக்க அப்போது நேரமில்லை. கடல் தெருமுனைக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. முதல் தண்ணீர் எங்கள் கணுக்காலைத் தொட்டது.

"இனிமே மூடணும்! மூடுத வரைக்கும் மூச்ச அடக்கிக்கிடுங்க. வாய்க்காத்து உள்ள போச்சுன்னா அதுவே பனி கட்டிரும். வாயத் தொறக்காதிய. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், பேசாம மூடுங்க!"

பதில் வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டார் போலிருக்கிறது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஒரு வாத்து மிதந்து போயிற்று. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது உள்ளே, அந்தத் தூரத்தில், கஸ்பார் ஏதோ சொன்னார். மெதுவாக, வாய்க்குள்ளேயே சொன்னார். உடனே டக்கென்று மூடி விழுகிற சத்தம் கேட்டது.

"என்ன சொன்னிய?" என்று அலறினாள் இன்னாசியம்மாள்.

"ஒண்ணுமில்ல" என்றது குரல். "பாலு வாங்கணும்."

வாயைத் திறந்துவிட்டார். மூடுகிற நேரத்தில் திறந்துவிட்டார். இத்தனை வருஷப் பேரும் பெருமையும் ஒரு படி பாலில் போயிற்று என்று நினைத்தாள். திறந்து மறுபடியும் மூடச் சொல்லலாம் என்றால் நேரமில்லை. அவள் உள்ளங்கையில் வாட்ச் வந்து விழுந்தது. கையை வெளியே இழுத்தாள். கையும் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக முழுசாக வந்து சேர்ந்தபோது கடல் அவள் முன்னால் நின்றது.

"கொடும்மா" என்றது கடல்.

கொடுத்தாள். தலையைக் குனியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். மோவாய் மேலேயே இருந்தது.

கடல் வாட்சை வாங்கிக்கொண்டு தன் ஆழத்துக்குப் போயிற்று. போனது தெரியவில்லை. அது அங்கேயேதான் நின்றது, ஆனால் உள்ளே எங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் இருந்த வாட்ச் எல்லாம் ஓடாமல் காத்திருந்தன. கஸ்பார் கடையை விட்டு வெளியே வந்தார். வெகுதூரம் நடந்து வந்தவர் மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு குடை வைத்திருந்தார்.

கடல் திரும்பி வந்தது. வாட்சை எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி வெயிலில் பிடித்துச் சூடேற்றியது. சுண்டுவிரலால் கண்ணாடி மேல் ஒரு சொட்டு வைத்தது. துடைத்தது. பார்த்தது.

கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி கட்டியிருந்தது.

பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தனிஸ்லாஸின் வாட்சின் பின்மூடி தன்னால் திரும்ப ஆரம்பித்தது. அடுத்து பக்கத்தில் நின்ற சாமுவேலின் வாட்ச். அடுத்து இரட்டைப் பிள்ளைகளின் சின்ன வாட்சுகள். எல்லார் மணிக்கட்டிலும் மூடிகள் மெல்லத் திரும்பிக் கழன்றுகொண்டிருந்தன. நாங்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். விரலையும் சேர்த்துத் திருப்பின. ஒரு கிழவர் தன் காலைப்பொழுதுகளுக்கு இப்போதே போய்வருகிறேன் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஈரம் இருக்கு" என்றது கடல்.

இன்னாசியம்மாள் வாட்சைப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். அவள் ஆயிரம் பனி பார்த்தவள். கண்ணைச் சுருக்கினாள். அவ்வளவுதான், பழைய இன்னாசியம்மாள் திரும்பி வந்துவிட்டாள்.

"ஈரம் இருக்கு. யாரு இல்லன்னா?" என்றாள். "ஆனா உள்ள போன ஈரம் வேற, உள்ளயே இருந்த ஈரம் வேற. உள்ள போயிருந்தா ஓரத்துல இருந்து கட்டும். இது நட்ட நடுவுல கட்டியிருக்கு. தொறங்க. தொறந்து நக்கிப் பாருங்க. ஒங்க தண்ணி ஒங்களுக்குத் தெரியாதா?"

கடலுக்கு இப்படி யாரும் சொன்னதில்லை. அலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடல் பின்மூடியைத் திறந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தை நாக்கு நுனியால் தொட்டது. யோசித்தது. மறுபடியும் தொட்டது.

"உப்பில்ல" என்றது.

"பொறகு?"

"என் தண்ணி இல்ல."

எங்கள் மணிக்கட்டுகளில் திரும்பிக்கொண்டிருந்த மூடிகள் நின்றன. பிறகு எதிர்ப்பக்கமாகத் திரும்பி இறுகின. ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட எங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. திறந்த வாட்சுக்குள்ளிருந்து, மூடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட மூச்சு வெளியே வந்தது. வெளியே வந்ததும் பேசியது. கஸ்பாரின் குரலில், கடைக்குள் வாய்க்குள்ளேயே சொன்னதை, நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

"எவ கை பட்டதால இந்த ஊரு நனையாம இருக்கோ, அவ எம் பொண்டாட்டி. கடலாம் கடல். போகச் சொல்லு."

கழுத்துவரை தண்ணீரில் நின்ற மொத்த ஊரும் கேட்டது. வாத்தும் கேட்டது.

கஸ்பாரின் காது இரண்டும் சிவந்து போயின. குடையை விரித்து அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குடையில் பொத்தல் இருந்ததால் எல்லாம் தெரிந்தது.

"யாரப் போகச் சொல்லிச்சு?" என்று கேட்டது கடல்.

கஸ்பார் குடையை மடக்கினார். அடேயப்பா, அந்த மனுஷனுக்கு அவ்வளவு உயரம் இருந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒங்களத்தான்" என்றார்.

கடல் யோசித்தது. அதன் வாழ்நாளில் அதைப் போகச் சொன்னவர்கள் குறைவு. வாட்சை இன்னாசியம்மாளின் கையில் வைத்தது. பழக்கத்தில் தட்டிக்கொடுத்தது. தெருவில் இறங்கி நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கிழக்கே போய்விட்டது. போகிற அவசரத்தில் கக்கத்தில் வைத்திருந்த எதையோ தவறவிட்டுப் போயிற்று. அது ரெஜினாவின் வீட்டு வாசலில் கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் முடிந்ததும் ரெஜினாவுக்கு இருட்டவில்லை. கொடியில் கிடந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மைனி, சாயங்காலம்னா இவ்வளவு மஞ்சளாவா இருக்கும்? எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

இன்னாசியம்மாள் வேறு உலகத்தில் இருந்தாள். பெருமை அவளுக்குத் தாங்கவில்லை. அதை மறைக்கிற ஆளும் அவள் இல்லை. தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். முகம் தெரியாத ஆட்களை நிறுத்தி, "கேட்டியளா? கேட்டியளா?" என்றாள். கேட்டோம் என்றார்கள். அப்படியும் நம்பாமல் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, இன்னார்தான் என்று உறுதி செய்துகொண்டு, மறுபடியும் கேட்டாள்.

மறுநாள் காலை கஸ்பாரைக் கடைக்கு உள்ளே அனுப்பிவிட்டு அவள் வெளியே போய் நின்றாள். ஓட்டைக்குள் கையை விட்டாள். உள்ளங்கையில் வாட்ச், அதன் பக்கத்தில் திறந்த மூடி.

"மூடுங்க."

"நீயே மூடலாமுல்லா? இப்பந்தான் விதி ஒண்ணுங் கெடையாதே."

"நீங்க மூடுங்க."

வளையம் கீழே விழுந்து உருண்டது. நாற்காலி நகர்ந்தது. இந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கஸ்பார் ஏதோ முனகினார். மூடி டக்கென்று விழுந்தது.

"என்ன சொன்னிய?"

"பாலு வாங்கணும்னேன்."

"சரி, வாங்குங்க" என்றாள் இன்னாசியம்மாள்.

அடுத்த வருஷம் கடல் வந்தது. தெருமுனையில் செருப்பைக் கழற்றப்போன இடத்தில் அவள் கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தது. கழற்றாமலே திரும்பிப் போயிற்று.

இப்போதும் ஊரில் எவன் வாட்சிலாவது பனி கண்டால் இன்னாசியம்மாள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆனால் அவள் வாட்சில் எப்போதும் பனி கட்டியிருக்கிறது, நட்ட நடுவில், அகலமாக. வெளியூர்க்காரர்கள் மணி கேட்டால் கையை நீட்டிக் காட்டுகிறாள். முள் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிவதில்லை, அவளுக்கும் தெரிவதில்லை. அப்படியானால் மணி என்ன என்று அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள்.

"தெரியாது" என்கிறாள். அதையும் பெருமையாகத்தான் சொல்கிறாள்.